அதிகம் ஓடிய பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டே வீட்டில் மீட்டெடுக்கும் முறை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசையோடு வாங்குபவர்களில் பலர் முதல் மாதத்திலேயே அதை முழுவதுமாகப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். எஞ்சின் ஒரு மூலையிலும் கதவுகள் இன்னொரு மூலையிலும் போல்ட்டுகள் பெயர் எழுதாத டப்பாக்களிலுமாகச் சில ஆண்டுகள் கிடந்த பிறகு, அந்த வண்டி பாதி விலைக்கு வேறொருவர் கைக்குப் போய்விடுகிறது. இந்த முடிவைத் தவிர்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் கழற்றி, அதை முழுமையாக முடித்து மாட்டி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததில் கைவைக்க வேண்டும். ஓடுகிற வண்டி அடுத்த வேலை எது என்பதைச் சத்தத்தாலும் வாசனையாலும் ஸ்டியரிங்கின் நடுக்கத்தாலும் தானே தெரிவித்துவிடும். பிரித்துப் போட்ட வண்டியிடமிருந்து அப்படி எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

என்னிடம் இருப்பது எம்ஜிபி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில், மூடிய கூரை கொண்ட ஜிடி வகையையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட, 1798 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின் கொண்ட, மேற்கூரை திறக்கும் வண்டி. உதாரணங்களைப் பெரும்பாலும் அதிலிருந்தே தருகிறேன் என்றாலும், வேலைகளின் வரிசை எந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் பொருந்தும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஓடிய தூரத்தைக் கண்டு மட்டும் பின்வாங்க வேண்டியதில்லை. பல பழைய வண்டிகளின் தூரமானியில் ஐந்து இலக்கங்களே இருப்பதால், அது ஒருமுறை சுற்றி மீண்டும் பூஜ்ஜியத்துக்கு வந்திருக்கிறதா என்பதைப் பழைய பழுதுபார்ப்பு ரசீதுகளையும் மிதிகளின் ரப்பர் தேய்மானத்தையும் வைத்தே கணிக்க முடியும். தொடர்ந்து ஓடி ஒழுங்காக எண்ணெய் மாற்றப்பட்ட எஞ்சினை விட, பத்தாண்டுகள் அசையாமல் நின்ற எஞ்சின்தான் அதிகத் தொல்லை தரும். நின்ற வண்டியில் சீல்கள் காய்ந்து விறைத்திருக்கும், பெட்ரோல் பிசினாக மாறியிருக்கும், சிலிண்டர் சுவரில் துருவும் ஏறியிருக்கக்கூடும்.

தேய்ந்த எஞ்சினை ஸ்பேனரும் பொறுமையும் கொண்டு சரிசெய்துவிடலாம். ஆனால் உடல் துருப்பிடித்திருந்தால் வெல்டிங் இல்லாமல் தீராது. எனவே உடல் நன்றாகவும் எஞ்சின் களைத்தும் உள்ள வண்டியா, எஞ்சின் நன்றாகவும் உடல் அரித்தும் உள்ள வண்டியா என்ற நிலை வந்தால், தயங்காமல் முன்னதைத் தேர்ந்தெடுங்கள். கையில் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச்சென்று, சக்கர வளைவுகளிலும் கதவுகளின் அடிப்பகுதியிலும் பேட்டரி அமரும் பெட்டியைச் சுற்றிலும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் தகடு இல்லை, பட்டிதான் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். திறந்த கூரை வண்டியாக இருந்தால் இன்னொரு சோதனையும் அவசியம். ஜாக்கி வைப்பதற்கென்று உள்ள இடத்தில் வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கிய நிலையில் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு இடித்தால் உடல் வளைகிறது என்று அர்த்தம்.

எஞ்சினின் நிலையை அறிய, சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை போதும். எஞ்சினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்த நிலையில் ஸ்டார்ட்டரைச் சுழலவிட்டு ஒவ்வொரு சிலிண்டராக அளவெடுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஏதாவது ஒன்று குறைவாக இருந்தால் அதில் ஒரு சிறு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு உயர்ந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன, உயராவிட்டால் குறை வால்வில் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள வண்டியில் அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லையென்றால், வேறு எதையும் தொடும் முன் அதை மாற்றிவிட வேண்டும். போர்ஷே 944 போன்ற எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் அறுந்தால் வண்டி வழியில் நின்றுவிடுமே தவிர எஞ்சின் பாழாவதில்லை. எம்ஜிபியில் இருப்பது செயின் என்பதால் இந்தக் கவலை இல்லை.

முதல் வேலை பிரேக்

வண்டி வீட்டுக்கு வந்ததும் கை எஞ்சினை நோக்கித்தான் போகும். மேலே சொன்ன பெல்ட் வேலையைத் தவிர, அதை அடக்கிக்கொண்டு பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். சாதாரண பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 தரத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்றுவது நல்ல வழக்கம். டாட் 5 என்பது சிலிகான் வகை என்பதால் அதை மற்றவற்றோடு ஒருபோதும் கலக்கக் கூடாது.

ரப்பர் பிரேக் ஹோஸ் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதன் குறை வெளியே தெரியாது. என் வண்டியை வாங்கிய புதிதில் அரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு இடது முன்சக்கரத்தின் அருகே கை வைக்க முடியாத அளவு சூடு இருந்தது, வண்டியும் அந்தப் பக்கமாகவே இழுத்தது. பிரேக் கட்டைகளை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன் இறுகிவிட்டது என்றே நினைத்தேன். சக்கரத்தைத் தூக்கி, கையால் சுழற்ற முடியாத நிலையில், காலிப்பரிலிருந்து திரவத்தை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தபோது சிறிது திரவம் பீறிட்டு வந்தது, சக்கரமும் உடனே தளர்ந்து சுழன்றது. பிஸ்டன் இறுகியிருந்தால் நிப்பிளைத் திறந்தாலும் சக்கரம் விடுபட்டிருக்காது. ஒரே சக்கரத்தில் மட்டும் அழுத்தம் அடைபட்டு நின்றதால் குற்றவாளி ஹோஸ்தான் என்பது உறுதியாயிற்று. கழற்றிய ஹோஸை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் ஒரு வெடிப்புகூட இல்லை, ஆனால் உள்ரப்பர் உப்பி, துளை ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. மிதியின் பலம் திரவத்தை உள்ளே தள்ளிவிடுகிறது, திரும்பி வரத்தான் வழியில்லை. பழைய வண்டியில் எல்லா ஹோஸ்களையும் வயது தெரியாவிட்டால் மொத்தமாக மாற்றுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பழைய பிரேக் லைனிங்குகளிலும் கிளட்ச் தட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுத்து உறையில் கட்டி அகற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் நுழையாதீர்கள். உறுதியான ஸ்டாண்டுகளில் வண்டியை இறக்கி, கையால் பலமாக அசைத்துப் பார்த்த பிறகே படுக்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். வரிப்பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப் பிடிமானத்தை இழந்திருக்கும். கம்பிச் சக்கரம் உள்ள வண்டியில், புறப்படும்போதும் நிறுத்தும்போதும் பின்னாலிருந்து ‘டிக்’ என்ற ஒலி கேட்டால், சக்கரத்தைக் கழற்றி ஹப்பின் பற்களைப் பாருங்கள். அவை மேல்புறம் தட்டையாக இல்லாமல் கத்திமுனை போலக் கூர்ந்திருந்தால் ஹப், சக்கரம் இரண்டையுமே மாற்ற வேண்டும்.

பெட்ரோல், மின்சாரம், கீழ்ப்பகுதி

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை மென்மையாக்கிக் கசியவைக்கும். எத்தனாலைத் தாங்கும் தரக் குழாய்களை டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை போட்டுவிடுங்கள்.

பழைய வண்டியின் மின்கோளாறுகளில் பெரும்பகுதி, மின்சாரம் வண்டியின் உடல் வழியே பேட்டரிக்குத் திரும்ப உதவும் எர்த் இணைப்புகளில்தான் இருக்கிறது. ஒவ்வொரு எர்த் முனையையும் கழற்றி, தகடு பளிச்சிடும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவ ஒரு பிற்பகல் போதும். மங்கலான விளக்குகளும் பொய் சொல்லும் அளவுமானிகளும் அந்த ஒரு பிற்பகலிலேயே சீராகிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். 1967 வரையிலான எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இதை அறியாமல் புதிய ரேடியோவையோ மின்னணு இக்னிஷனையோ பொருத்தினால் அது எரிந்துபோகும்.

எம்ஜிபியின் முன்சக்கரங்கள் திரும்பும் அச்சான கிங்பின் ஒவ்வொன்றிலும் மூன்று கிரீஸ் நிப்பிள்கள் உண்டு. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடித்தால் அது பல்லாண்டுகள் உழைக்கும், மறந்தால் விரைவில் ஆட்டம் கண்டுவிடும். சஸ்பென்ஷன் புஷ்களை மாற்றுபவர்கள் ஒரு தவறை அடிக்கடி செய்கிறார்கள். வண்டி தூக்கப்பட்டு, சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே போல்ட்டுகளை முழுவதும் இறுக்கிவிடுகிறார்கள். இரும்புக் குழாயோடு ஒட்டிய ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடிக்கப்படுவதால், வண்டியை இறக்கியதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். முதலில் த்ராட்டில் தண்டை விரல்களால் மேலும் கீழும் அசையுங்கள். அதிகம் ஓடிய வண்டியில் அது தேய்ந்து ஆடும், அந்த இடைவெளி வழியே காற்று நுழையும், எந்தத் திருகைத் திருகினாலும் ஐடிலிங் நிலைக்காது. தண்டு சரியாக இருந்தால் கலவையைப் பாருங்கள். எஞ்சின் சூடாக ஓடும்போது கார்புரேட்டரின் பக்கத்திலுள்ள சிறு ஊசியால் அதனுள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடிக் கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம், உடனே தடுமாறி அடங்கினால் பெட்ரோல் குறைவு. இலேசாக உயர்ந்து பழைய வேகத்துக்கே திரும்பினால் அளவு சரி. ஒரு காதுக்கு ஒரு ஹோஸ் துண்டை வைத்து இரு கார்புரேட்டர்களும் காற்றிழுக்கும் சீறலைச் சமன் செய்வது எனக்கு இன்றும் மிகப் பிடித்த வேலை.

கதவடிச் சட்டமும் வெல்டிங்கும்

கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற சட்டத்தை அலங்காரத் தகடு என்று எண்ணிவிடாதீர்கள். கூரையில்லாத வண்டியில் உடல் நடுவில் மடியாமல் தாங்கி நிற்பது பெரும்பாலும் அதனால்தான். எம்ஜிபியில் அது வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என அடுக்குகளாக அமைந்திருப்பதால், வெளித்தகட்டின் மேல் புதிய தகட்டை ஒட்டுபவர் உள்ளே துரு தின்பதை மூடி மறைக்கிறார், அவ்வளவே. உதிரி பாகம் கிடைக்காதோ என்ற பயம் இந்த வண்டிக்கு இல்லை. 1988 முதல் இதன் முழு உடலுமே பழைய அச்சுகளிலிருந்து மீண்டும் தயாரிக்கப்பட்டது.

சட்டத்தை வெட்டும் முன் வண்டியைச் சமதளத்தில் நன்றாகத் தாங்கி நிறுத்தி, கதவு வாசலின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்கே இரும்புக் குழாயைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை நான்கைந்து இடங்களில் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரு பக்கம் முழுவதும் முடியும் வரை மறுபக்கத்தைத் தொடவே கூடாது. புதிய தகட்டைப் புள்ளிப் புள்ளியாக மட்டும் பற்றவைத்து, கதவை மாட்டி மூடிப் பார்த்து, இடைவெளி நோட்டிலுள்ளபடியே இருக்கிறது என்று உறுதியான பிறகே முழு வெல்டிங். அதையும் ஒரே கோடாக இழுத்தால் தகடு சூட்டில் நெளியும். இங்கே சிறிது, அங்கே சிறிது என்று மாறி மாறிச் செய்து ஆறவிடுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் துண்டித்து, பெட்ரோல் குழாய்களையும் விரிப்புகளையும் அகற்ற வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் தீப்பொறி படவே கூடாது, அது நச்சு வாயுவாக மாறும். வேலை முடிந்தபின் ஒரு மணி நேரமாவது அருகிலேயே இருந்து புகை எழுகிறதா என்று கவனியுங்கள். வெல்டிங் தெரியாதவர் தெரிந்தவரை அழைக்கலாம், ஆனால் கதவிடைவெளியை அளக்கும் பொறுப்பை மட்டும் எவரிடமும் விட்டுவிடாதீர்கள்.

எஞ்சினை இதுவரை நான் பிரிக்கச் சொல்லவில்லை. கம்ப்ரஷனும் சூடான நிலையில் எண்ணெய் அழுத்தமும் நன்றாக இருக்கும்வரை அதற்குத் தேவையும் இல்லை. பெயின்ட்டும் அவ்வாறே கடைசி வேலை. துருவை நிறுத்தும் முன் அடித்த பெயின்ட் சில மாதங்களிலேயே கொப்பளிக்கும்.

பெயின்ட் காய்ந்த பிறகு, சட்டத்தின் உட்குழிவுக்குள் நீண்ட குழாய் முனையை நுழைத்துத் துருத்தடுப்பு மெழுகைத் தெளியுங்கள். வெல்டிங் செய்த இடங்களின் உட்புறத்துக்கு வேறு பாதுகாப்பே கிடையாது. மெழுகு இளகியிருக்கும் வெயில் நாளில் செய்தால் மடிப்புகளுக்குள் நன்றாக ஊறும். அடியில் உள்ள வடிகால் துளைகளிலிருந்து மெழுகு சொட்டத் தொடங்கினால் போதிய அளவு போயிருக்கிறது. மறுநாள் ஒரு மெல்லிய கம்பியால் அந்தத் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்துவிடுங்கள். அவை அடைபட்டால் நீர் உள்ளேயே தங்கி, சட்டம் மீண்டும் உள்ளிருந்து துருப்பிடிக்கத் தொடங்கிவிடும்.