நெடுந்தூரக் குழு சைக்கிள் பயணத்தில் கலந்துகொள்வது எப்படி?

நெடுந்தூர சைக்கிள் பயணம் ஒன்றில் சேர விரும்புகிறவர் பதிவுக் கட்டணத்தைச் செலுத்துவதற்கு முன்பே, அந்தப் பயணம் எந்த முறைப்படி நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இத்தகைய பயணங்களில் இரண்டு பழைய மரபுகள் உண்டு. 1897-இல் இத்தாலிய சைக்கிள் ஆர்வலர்கள் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை சுமார் 230 கி.மீ. தூரத்தைப் பகல் வெளிச்சம் மறைவதற்குள் கடந்தார்கள். அதன் வழியில் பிறந்த ஆடாக்ஸ் முறைக்கு 1904-இல் பிரான்சில், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்ச் விதிகளை வகுத்தார். அந்த முறையில் குழுத் தலைவர்கள் மணிக்கு 22.5 கி.மீ. வேகத்தை வைத்துக்கொண்டு முன்னே செல்வார்கள்; அவர்களை எவரும் முந்துவதில்லை, எல்லோரும் ஒன்றாகவே நின்று ஒன்றாகவே புறப்படுவார்கள். மற்றொன்று, 1921-இல் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பாரிஸ் சைக்கிள் சங்கம் தொடங்கிய, அவரவர் வேகத்தில் மிதிக்கும் முறை. இன்று பிரெவே என்ற பெயரில் பல நாடுகளில் நடப்பது இதுதான்: 200 கி.மீ. தூரத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 மணி நேரம் என்பது கெடு. இந்தக் கெடுவுக்குள் குழுவாகச் சேர்வதும் பிரிவதும் அவரவர் விருப்பம். பிரெவேயில் சொந்த உதவி வாகனம் கூடவே வரக் கூடாது. ஓட்டுநர்கள் வந்து சேர்ந்ததற்கு முத்திரை வாங்கும் சோதனைச் சாவடிகளில் மட்டும்தான் அது உதவலாம்.

கெடுவைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. ஆனால் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓடும் நேரத்தில் சராசரியாக மணிக்கு 22 கி.மீ. வேகம் கிடைத்தால் 200 கி.மீ. தூரம் ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நாலரை மணி நேரம் நிற்பதற்கு இருக்கிறது. அவ்வளவு நேரமும் எங்கே போயிற்று என்று தெரியாமலே கரைந்துபோவதுதான் வழக்கம். ஒரு சாவடியில் முத்திரை வாங்க வரிசை, பிறகு சாப்பாடு, பிறகு கழிப்பறை, பிறகு கைபேசி என்று நாற்பது நிமிடம் போய்விடுகிறது. அதை ஈடுகட்ட அடுத்த கட்டத்தில் வேகத்தைக் கூட்டிக் கால்களைக் கெடுத்துக்கொள்கிறோம். வேகமாக மிதிக்கப் பழகுவதைக் காட்டிலும் குறைவாக நிற்கப் பழகுவது எளிது, பலன் மிக்கது என்பதே என் கருத்து. சாவடிக்குள் நுழைவதற்கு முன்பே அங்கே செய்ய வேண்டியவற்றை வரிசையாக மனத்தில் ஓட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் பிடிப்பதை முதலில் முடித்துவிடுங்கள்.

பயிற்சியைப் பொறுத்தவரை, முழுத் தூரத்தையும் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதில்லை. அதில் மூன்றில் இரண்டு பங்கை எட்டும் அளவுக்கு வாரந்தோறும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, கடைசி வாரத்தில் குறைத்துக்கொண்டால் போதும். பயணத்தன்று அணியப்போகும் உடை, செருப்பு முதல் சாப்பிடப்போகும் உணவு வரை எல்லாவற்றையும் அந்த நீண்ட பயிற்சிகளிலேயே சோதித்துவிட வேண்டும். சீட்டின் உயரத்தில் உள்ள சிறு பிழை ஒரு மணி நேர ஓட்டத்தில் தெரியாது, எட்டாவது மணி நேரத்தில் முழங்கால் அதைச் சொல்லும். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால், ஹேண்டில்பாரில் சாயும் பாரம் உள்ளங்கையின் ஓரத்து நரம்பை அழுத்துகிறது என்று பொருள். கைகளின் நிலையை அடிக்கடி மாற்றுவதும், பாரத்தை உடலின் நடுப்பகுதி தாங்குமாறு அமர்வதும் அதைத் தணிக்கும். புது டயர், புது சீட், புதுக் காலணி ஆகிய எதையும் முதல் நாள் மாலையில் மாற்றாதீர்கள்.

குழுவில் ஓட்டுவது தனியாக ஓட்டுவதிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. முன்னால் செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால், அவருக்கு நெருக்கமாகப் பின்தொடர்கிறவர் அதே வேகத்துக்குக் கணிசமாகக் குறைந்த உழைப்பே தருகிறார்; சமதளத்தில் இந்த மிச்சம் கால் பங்குக்கும் மேலாக இருக்கக்கூடும். இந்த ஆதாயத்துக்காகத்தான் மனிதர்கள் வரிசையில் சேர்கிறார்கள், ஆபத்தும் அதே நெருக்கத்தில்தான் இருக்கிறது. உங்கள் முன்சக்கரம் முன்னால் செல்பவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறிச் செல்ல ஒருபோதும் விடாதீர்கள். அவர் ஒரு குழிக்காகச் சற்றே விலகினாலும் சக்கரங்கள் உரசும். உரசினால் அவர் தப்பித்துவிடுவார், விழுவது நீங்கள்தான். பார்வையை அவருடைய சக்கரத்தில் ஒட்டவைக்காமல், அவர் தோளுக்கு மேலாக இரண்டு மூன்று பேருக்கு அப்பால் செலுத்துங்கள். அங்கே நடப்பது இரண்டு நொடியில் உங்களிடம் வந்து சேரும். வேகம் கூடிவிட்டால் பிரேக்கை அழுத்துவதற்கு முன் மிதிப்பதை நிறுத்திப் பாருங்கள், அல்லது நெஞ்சைச் சற்று நிமிர்த்திக் காற்றின் எதிர்ப்பால் வேகம் குறையவிடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது நிகழ்வதைப் புதியவர்கள் அறிவதில்லை. சீட்டிலிருந்து எழும் நொடியில் மிதியின் விசை அறுந்து, சைக்கிள் பின்னால் இருப்பவரை நோக்கி ஒரு சாண் அளவு பின்வாங்குவதுபோல் ஆகிவிடும். எழும்போதே பெடலை வழக்கத்தைவிட அழுத்தமாக மிதித்தபடி எழுந்தால் இது நேராது. எழப்போவதை ஒரு சொல்லில் அறிவித்துவிட்டால் இன்னும் நல்லது.

வரிசையின் முன்னால் செல்வதை மாறி மாறி ஏற்பார்கள்; உங்கள் முறை வரும்போது வேகத்தைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். முன்னால் மணிக்கு இரண்டு கி.மீ. கூடினால் வரிசையின் வால் அதை எட்டிப் பிடிக்கத் துரத்த வேண்டியிருக்கும், பின்னால் இருக்கும் களைத்தவர் அங்கேயே அறுந்துபோவார். களைப்பு தெரிவதற்கு முன்பே, பின்னால் திரும்பிப் பார்த்து, கையால் குறிப்புக் காட்டி விலகி, மெல்ல மிதித்தபடி வரிசையின் கடைசிக்கு வாருங்கள்; கடைசி ஆள் உங்களைத் தாண்டிவிடுவதற்குள் வேகத்தைச் சேர்த்துக்கொண்டால் இடைவெளி விழாமல் ஒட்டிக்கொள்ளலாம். இருவர் இருவராகச் செல்வதற்கு ஒவ்வொரு நாட்டிலும் விதி வேறு; அனுமதி இல்லாத இடத்திலும் போக்குவரத்து மிகுந்த சாலையிலும் ஒற்றை வரிசைதான். குழி, கல், நிற்பது, திரும்புவது, பின்னால் வண்டி வருவது ஆகியவற்றுக்கான கைக்குறிகளும் குரல்களும் ஊருக்கு ஊர் மாறுவதால், புறப்படும் முன் குழுவினரிடம் கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில் பசியை நம்பக் கூடாது. பசி எடுக்கும்போது ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கி, மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போகுமாறு சிறிது சிறிதாக உண்ணுங்கள். தண்ணீரைத் தாகத்தை ஒட்டிக் குடிப்பது பொதுவாகப் போதும். மணிக்கணக்கில் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், வெயிலில் நெடுநேரம் வியர்க்கும்போது உப்பும் உள்ளே போக வேண்டும்.

உடன் எடுத்துச் செல்ல வேண்டியவற்றில் இரண்டு ட்யூப், ஒட்டுப்போடும் பொருள்கள், டயர் நெம்பும் லீவர், பம்ப், செயின் இணைப்பு ஆகியவை அடங்கும். பஞ்சர் ஆனதும் சத்தமாகச் சொல்லிவிட்டு, சாலையை விட்டு முழுவதுமாக இறங்குங்கள். ட்யூபைக் கழற்றியவுடன் புதியதை மாட்டிவிட அவசரப்படாதீர்கள். பழைய ட்யூபுக்குக் காற்றடித்து ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்து, டயரில் அதே இடத்தின் உட்புறத்தைத் துணியால் மெல்லத் துடைத்துத் தேடினால் முள்ளோ கம்பித்துணுக்கோ அகப்படும். அதை எடுக்காமல் மாட்டினால் அடுத்த ட்யூபும் அரை மணி நேரத்தில் போய்விடும். அருகருகே இரண்டு ஓட்டைகள் இருந்தால் முள் காரணமல்ல: காற்று குறைவாக இருந்த டயர் குழியில் அடிபட்டு, ட்யூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது.

இரவு ஓட்டம் உள்ள பயணங்களில் முன்னும் பின்னும் வண்டியில் பொருத்திய விளக்குகளும் ஒளி திருப்பும் மேலாடையும் பிரெவே விதிப்படியே கட்டாயம். பின்விளக்கைச் சிமிட்ட விடாமல் நிலையாக எரியவிட்டுச் சற்றுத் தாழ்த்தி வையுங்கள். இல்லையேல் பின்னால் வருபவரின் கண்ணைக் கூசச்செய்யும். 400 கி.மீ. தூரத்தைத் தாண்டினால் தூக்கத்தையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். வரிசையில் ஒருவர் நேர்கோட்டிலிருந்து அலைபாயத் தொடங்கினால் அவரை ஓரங்கட்டச் சொல்லி, பாதுகாப்பான இடத்தில் இருபது நிமிடம் கண்ணயர விடுவது குழுவுக்கே நல்லது.

தொடர முடியாது என்று முடிவெடுத்தால் அமைப்பாளரிடம் நேரடியாகச் சொல்லிவிட்டுத்தான் விலக வேண்டும். சொல்லாமல் வீடு திரும்பியவரைத் தேடி இரவெல்லாம் தன்னார்வலர்கள் அலைய நேரும். முடித்தவர்களும், இரவு முழுதும் விழித்திருந்து மிதித்திருந்தால், தாங்களே காரோ பைக்கோ ஓட்டிக்கொண்டு திரும்பக் கூடாது. முடியும் இடத்திலேயே சில மணி நேரம் தூங்குவதற்கோ, வேறொருவர் வந்து அழைத்துச் செல்வதற்கோ பயணத்துக்குப் பதிவு செய்யும்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள்.