ஐ.எம்.ஆர்.டி. பிளான்: வெயிட்டை ஏற்றும் முன் பார்க்க வேண்டிய தவறுகள்

ஐ.எம்.ஆர்.டி. என்பது கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றிக் கொடுக்கும் புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சை. எந்தப் பகுதிக்கு எவ்வளவு டோஸ் என்ற குறிக்கோள்களையும், ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று சொல்லும் வெயிட் என்ற எண்ணையும் கொடுத்தால், ஆப்டிமைசர் என்ற மென்பொருள் பிளானைத் தேடித் தரும். பிளான் சரியாக வரவில்லை என்றால் வெயிட்டை ஏற்றி மறுபடி ஓடவிடுவது பலருக்கும் கைப்பழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் கோளாறு அல்காரிதத்தில் இல்லை, நாம் எழுதிக் கொடுத்த குறிக்கோளில்தான் இருக்கிறது.

கழுத்துப் பிளானை எடுத்துக்கொள்வோம். உமிழ்நீர் சுரக்கும் பரோட்டிட் சுரப்பிக்குச் சராசரி டோஸ் 25 கிரேக்குள் (கிரே: கதிர் டோஸின் அலகு) இருக்க வேண்டும் என்று கொடுக்கிறோம். ஆனால் சுரப்பியின் 40 சதவீதம், 70 கிரே வாங்க வேண்டிய பி.டி.வி.க்குள் (கட்டியும் அதைச் சுற்றிய பாதுகாப்பு ஓரமும் சேர்ந்த இலக்குப் பகுதி) கிடக்கிறது. மீதி 60 சதவீதத்துக்குத் துளி டோஸ்கூடப் போகாவிட்டாலும் சராசரி 28 கிரே ஆகிவிடும்! நடக்கவே முடியாததைக் கேட்டால், ஆப்டிமைசர் இரண்டுக்கும் நடுவே எங்கோ போய் நிற்கும், பி.டி.வி.யின் அந்த ஓரத்தில் டோஸ் குறைந்துவிடும். எனவே ஓடவிடுவதற்கு முன்பே எவ்வளவு கன அளவு மேற்படிகிறது என்று பாருங்கள். பி.டி.வி.யைக் கழித்த பரோட்டிடைத் தனியாக உருவாக்கி, குறிக்கோளை அதற்குக் கொடுங்கள். முழுச் சுரப்பியின் டோஸையும் டாக்டரிடம் காட்டுங்கள். எதை விட்டுக்கொடுப்பது என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு, வெயிட் எடுக்க வேண்டியது அல்ல.

அதே கழுத்தில் பி.டி.வி. தோல்வரை நீண்டிருந்தால் இன்னொரு பொறி. 6 எம்.வி. (மெகாவோல்ட்) கதிரின் டோஸ் உச்சத்தைத் தொடுவது சுமார் 1.5 செ.மீ. ஆழத்தில், முதல் சில மில்லிமீட்டரில் குறைவுதான். அந்தக் குறையை நிரப்ப, தோலை உரசிச் செல்லும் பீம்லெட்டுகளை (கதிர்க்கற்றையின் சிறு துண்டுகளை) ஆப்டிமைசர் தாறுமாறாக ஏற்றும். திரையில் பிளான் அழகாக இருக்கும். நோயாளி 3 மி.மீ. நகர்ந்தால் அந்த ஏற்றிய கதிர் திசுவுக்குள் இறங்கி ஹாட் ஸ்பாட் (டோஸ் மிஞ்சிய இடம்) ஆகும். தோலில் நோய் இல்லையென்றால், ஆப்டிமைசேஷனுக்கான பி.டி.வி.யை 3 முதல் 5 மி.மீ. உள்ளே இழுங்கள். நோய் இருந்தால் போலஸ் (தோல்மேல் வைக்கும், திசு போன்ற பொருள்) வையுங்கள், டோஸ் கணக்கிலும் அதைச் சேருங்கள்.

தண்டுவடம் போல மீறவே கூடாத எல்லையை வெயிட்டாக எழுதாதீர்கள், கட்டுப்பாடாகவே எழுதுங்கள். ஒரு வெயிட்டை மட்டும் நூறு மடங்கு ஏற்றினால், கிரேடியன்ட் முறை (சரிவைப் பார்த்துப் படிப்படியாக விடை தேடும் முறை) அதன் பின்னாலேயே ஓடும்; மற்ற குறிக்கோள்கள் நகராது.

இதற்கான நிரலைச் சொந்தமாக எழுதுபவர்கள் தடுக்குவது கணினி நினைவகத்தில். 9 பீம், ஒவ்வொன்றிலும் 5 மி.மீ. அளவில் 400 பீம்லெட் என்றால் மொத்தம் 3,600. 20 லிட்டர் உடல் பகுதியை 2.5 மி.மீ. வாக்ஸெலாக (சிறு கனசதுரமாக)ப் பிரித்தால் 12.8 லட்சம். ஒவ்வொரு பீம்லெட்டும் ஒவ்வொரு வாக்ஸெலுக்கும் தரும் டோஸை எழுதிவைக்கும் முழு டோஸ் மேட்ரிக்ஸில் சுமார் 460 கோடி எண்கள்! இடம் போதவில்லையென்று சிறிய எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு பூஜ்யமாக்கினால், ஆயிரக்கணக்கான பீம்லெட்டுகளின் சிதறல் டோஸ் மொத்தமாகக் காணாமல் போகும். தள்ளி இருக்கும் உறுப்புக்கு டோஸ் குறைவு என்று கணக்கு பொய் சொல்லும். கட்டியிலிருந்து தூரத்தில் உள்ள சாதாரண திசுவின் வாக்ஸெல்களில் மாதிரிக்குச் சிலவற்றை மட்டும் எடுக்கலாம், தவறில்லை. சிறிய எண்களை வெட்டிய மேட்ரிக்ஸை வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், இடையிடையே முழு டோஸைக் கணக்கிட்டு, வித்தியாசத்தைத் திருத்தமாகக் கூட்டுங்கள்.

நுரையீரலில் டோஸ் கணக்கின் துல்லியம் இன்னும் முக்கியம். பென்சில் பீம் கணக்கு (கதிரை மெல்லிய கற்றைகளாகக் கூட்டும் வேகமான தோராய முறை) அங்கே கட்டியின் டோஸை அதிகமாகக் காட்டும். கடைசியில் மான்டி கார்லோவில் (துகள்களின் பாதையை ஒவ்வொன்றாகப் பின்தொடரும் துல்லியமான முறை) கணக்கிட்டுப் பார்த்து, குறைந்த டோஸை ஈடுகட்ட மொத்தப் பிளானையும் 4 சதவீதம் ஏற்றினால், தண்டுவடமும் அதே 4 சதவீதம் ஏறும். அதற்குப் பதில் அந்தத் துல்லியமான டோஸை ஆப்டிமைசருக்குள் திருப்பிக் கொடுத்து, மறுபடி ஒரு சுற்று ஓடவிடுங்கள்.