மோட்டர் போட்டால் லைற் வெட்டுதா? பல்பில் கை வைக்க முதல்

போன கிழமை விசுவமடுவில் ஒரு வீடு. தண்ணி மோட்டரைப் போட்டால் எல்.ஈ.டி. பல்புகள் வெட்டி வெட்டி எரியுதாம். எனக்கு முதல் போன பொடியன் நாலு பல்பை மாற்றியிருந்தான். தொழில் பழகிய காலத்தில் நானும் இதைத்தான் செய்தேன். இந்த வேலையில் விடும் பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எப்போது வெட்டுது என்று கேளாமல் தொடங்குவது

மோட்டர் எடுக்கும் கணத்தில் ஒருக்கா மங்கினால் அது வோல்டேஜ் இறக்கம். ஓடும் நேரம் முழுக்க வெட்டினால் லூசான இணைப்பைத் தேடுங்கள்.

கிணற்றடிக்கு மெல்லிய வயர்

1 குதிரைவலு மோட்டர் ஓடும்போது 5, 6 அம்பியர் எடுக்கும். ஸ்டார்ட்டில் 30 வரை இழுக்கும். 60 மீற்றருக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் இழுத்தால், அந்த ஸ்டார்ட் நேரத்தில் போய்வரும் இரண்டு கம்பியிலுமாக 40 வோல்ட்டுக்கு மேல் விழும். அதே வயரில் கிணற்றடி லைற்றையும் கொழுவினால் வெட்டாமல் என்ன செய்யும்? 4 சதுர மில்லிமீற்றர் வயர் போடுங்கள். லைற்றுக்கு வீட்டு மெயின் போர்ட்டிலிருந்து தனி லைன்.

'வெளிச்சம் கூடினால் நல்லதுதானே'

இந்தப் பேச்சைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் ஒருநாள் நானே சொன்னது. மாங்குளம் பக்கம் ஒரு மரப் பட்டறை. மூன்று பேஸ் கரண்ட், அதாவது மூன்று லைனில் வருவது; வீடும் அதே போர்ட்டில். சிங்கிள் பேஸ் வாள் மெசினைப் போட்டால் பட்டறை லைற் மங்கியது, அறை லைற் பளிச்சென்று கூடியது. மங்கிய பல்பை மட்டும் மாற்றிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் பிரிட்ஜும் ரீவியும் எரிந்துபோயின. போர்ட்டைத் திறந்தால் நியூட்ரல், அதாவது மூன்று பேஸுக்கும் பொதுவான திரும்பும் கம்பியின் திருகாணி, விரலாலேயே சுழன்றது. வயரின் தோல் கருகி, தொட்டதும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

நியூட்ரல் விட்டால் ஒவ்வொரு பேஸிலும் 230 வோல்ட் நிற்காது. லோட் கூடிய பேஸில் இறங்கும். குறைந்த பேஸில் 400ஐ நோக்கி ஏறும். ஒன்று மங்க இன்னொன்று கூடினால் உடனே மெயினை நிறுத்துங்கள். நல்ல டிரைவர் (பல்புக்குள் கரண்டைச் சீராக்கும் பகுதி) உள்ள எல்.ஈ.டி. இந்த ஏற்றத்தை வெளியே காட்டாது. ஆகவே கண்ணை நம்பாமல் மூன்று பேஸிலும் வோல்டேஜ் அளக்கும் மீற்றரை வையுங்கள். பிரிட்ஜின் காசை என் கூலியில்தான் கழித்தார்கள். அது நியாயம்.

ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்வது

அது திருகாணியை இறுக்காது.

கரண்ட் பில் மீற்றருக்கு முந்திய பக்கம்

சீலைத் தொடவேண்டாம். மின்சாரம் தரும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

பல்பு

மோட்டர் ஓடும்போது ஹோல்டரில் அளந்து பாருங்கள். வோல்டேஜ் ஆடாமல் நிற்க, லைற் மட்டும் வெட்டினால், அப்போது பல்பைக் கழற்றலாம்.