குளூட்டன் இல்லாத பலகாரம்: மாவு மில்லில் இருந்து தொடங்குங்கள்

என் மகளுக்குச் சீலியாக் நோய் என்று மதுரையில் உறுதி செய்தபோது அவளுக்கு எட்டு வயது. அடிக்கடி வாய்ப்புண், வயிறு உப்புசம், எவ்வளவு முருங்கைக்கீரை கொடுத்தும் ஏறாத ரத்தம் என்று இரண்டு வருஷம் அலைந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. கோதுமை, பார்லி, ரை என்ற தானியம் மூன்றிலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் அவள் உடம்பே அவள் சிறுகுடலின் உள்சுவரை அரித்துவிடும். மாத்திரை கிடையாது. ஆயுசு முழுக்க அதைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். எங்கள் ஊரான மண்டபத்துக்குத் திரும்பும்போது பஸ் உச்சிப்புளியைத் தாண்டும்வரை பேசாமல் வந்தவள், ஒன்றே ஒன்று கேட்டாள்: "பள்ளிக்கூடம் விட்டு வந்தா இனிமே எனக்கு என்னம்மா தருவ?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. சோறு, இட்லி, இடியாப்பம் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை, அதெல்லாம் உங்களுக்கே தெரியும். சாயங்காலத் தீனியும் இனிப்பும் மட்டும்.

தொடங்கும் முன் ஒரு முக்கியமான விஷயம். பிள்ளைக்கு இந்த நோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்தவுடன் கோதுமையை நிறுத்திவிட்டு டெஸ்டுக்குப் போகாதீர்கள். ரத்தத்தில் பார்க்கும் டிடிஜி சோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். முதலில் சோதனை, அப்புறம் பத்தியம்.

படி 1: பாக்கெட்டைத் தேடி அலையாதீர்கள்

முதல் மாதம் ஆன்லைனில் குளூட்டன் இல்லாத பிஸ்கட், குக்கீஸ் என்று வாங்கித் தள்ளினேன். விலை அதிகம், வாயில் வைத்தால் மணல் மாதிரி. மகள் ஒரு கடி கடித்து வைத்துவிடுவாள். ஒருநாள் என் மாமியார் எள்ளுருண்டை பிடித்துக்கொண்டே, "இதுல எங்கம்மா கோதுமை இருக்கு? இதைக் குடு" என்றார். எள்ளுருண்டை, கடலை மிட்டாய், பொரி உருண்டை, பாசிப்பருப்பு உருண்டை, கேப்பைப் புட்டு, பால் கொழுக்கட்டை, அவித்த பனங்கிழங்கு, நுங்கு என்று நம் ஊர்த் தீனியில் பாதிக்கு மேல் கோதுமையே கிடையாது. அரிசி, கேப்பை, கம்பு, தினை, குதிரைவாலி, உளுந்து, கடலை, ஜவ்வரிசி எதிலும் இயல்பாகக் குளூட்டன் இல்லை.

பாக்கெட் வாங்கியே ஆக வேண்டும் என்றால் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். கேழ்வரகு பிஸ்கட் என்று பெரிதாகப் போட்டிருக்கும், பின்னால் பார்த்தால் பலவற்றில் முதல் பொருளே கோதுமை மாவோ மைதாவோதான். சிறுதானிய நூடுல்ஸ், சேமியாவிலும் இதே கதை. மால்ட் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பார்லி. பாலில் கலக்கும் மால்ட் பவுடர்களை இதனால்தான் நிறுத்தினோம். குளூட்டன் இல்லாதது என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்த அச்சு இருந்தால் வாங்குங்கள்.

படி 2: மாவு

இங்கேதான் நான் ஆறு மாதத்தைத் தொலைத்தேன். அதனால் விலாவாரியாக எழுதுகிறேன்.

கோதுமை, மைதா, ரவை, சேமியா எல்லாவற்றையும் வீட்டை விட்டே எடுத்தாயிற்று. ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் டிடிஜி இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. வாய்ப்புண்ணும் வந்து வந்து போனது. டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, "அரிசி மாவு எங்க அரைக்கிறீங்க?" என்றார். நான் மில்லில் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

மறுநாள் பச்சரிசியோடு மில்லுக்குப் போய் வரிசையில் நிற்காமல் மிஷின் பக்கத்திலேயே நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துக்கொண்டிருந்தார். மாவு விழும் வாயில் ஒரு நீளத் துணிப்பை கட்டியிருக்கும் இல்லையா, அதை மில்காரர் இரண்டு தட்டுத் தட்டினார். பழுப்பு நிறத்தில் ஒரு கைப்பிடி மாவு அவர் பாத்திரத்தில் விழுந்தது. அடுத்து என் அரிசியைக் கொட்டினார். முதலில் வந்த மாவை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன். வெள்ளைக்கு நடுவே பழுப்புத் தவிட்டுத் துகள்கள் கண்ணுக்கே தெரிந்தன.

"அண்ணே, கோதுமைக்கு அப்புறம் மிஷினைக் கழுவ மாட்டீங்களா?"

"கழுவுனா மாவு கட்டிக்கிரும்மா. தட்டிட்டுத்தானே போடுறேன்."

அவர் மேல் தப்பில்லை, ஊர் முழுக்க அப்படித்தான் அரைக்கிறார்கள். சாதாரண வீட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் என் மகளுக்கு அந்தக் கைப்பிடித் துகளே போதும். கொழுக்கட்டை, முறுக்கு, இடியாப்பம் என்று ஆறு மாதமும் நானே என் கையால் கோதுமையை ஊட்டியிருக்கிறேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது செய்வது இதுதான். பச்சரிசியைக் கழுவி இரண்டு மணி நேரம் ஊற வையுங்கள். வடித்து, சுத்தமான வேட்டித் துணியில் நிழலில் அரை மணி நேரம் பரத்துங்கள். கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் ஒட்டக்கூடாது. மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலியுங்கள். சல்லடையில் தங்கும் குருணையை அடுத்த ஈடோடு போட்டு அரையுங்கள். பிறகு அடிகனமான சட்டியில் சிறு தீயில் வறுங்கள். மாவை விரலில் எடுத்துக் கோலம் போட்டால் கோடு அறுபடாமல் விழ வேண்டும், அதுதான் பதம். ஊறும், உலரும் நேரம் போக, ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. உளுந்து மாவும் கேப்பை மாவும்கூட வீட்டில்தான். கேப்பையை நன்றாகப் பொறுக்குங்கள். சில்லறையாக வாங்கினால் நடுவே கோதுமை மணி கிடக்கும், நானே எடுத்திருக்கிறேன்.

மாவுக்கென்று தனி மிக்ஸி ஜார், தனிச் சல்லடை வைத்துக்கொள்ளுங்கள். பழைய சல்லடையைக் கழுவி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்காதீர்கள், வலைக்கண்ணில் ஒட்டிய மாவு போகவே போகாது. சப்பாத்திக் கட்டை, மரக்கரண்டியும் அப்படித்தான். எங்கள் வீட்டில் அவளுக்கான சாமான்களின் கைப்பிடியில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்திருக்கிறேன், யார் அடுப்படிக்கு வந்தாலும் தெரியும்.

படி 3: பெருங்காயத்தை நிறுத்துங்கள்

கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் வெறும் பெருங்காயம் இல்லை. பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ கலந்துதான் பெரும்பாலும் வருகிறது. தூளில் மட்டுமல்ல, கட்டியிலும்தான். டப்பாவின் பின்பக்கம் எழுதியே இருக்கும், நாம்தான் படிப்பதில்லை. முறுக்கு, மிக்சர், சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் என்று எங்கே பார்த்தாலும் அது இருக்கிறது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது என்றாலும் எனக்கு அது இல்லாமலே பழகிவிட்டது. முறுக்குக்கு ஓமம், சாம்பாருக்குப் பூண்டும் சீரகமும் போதும்.

படி 4: மூன்று பலகாரங்கள், கொஞ்சம் நெத்திலி

தேங்காய்ப்பால் முறுக்கு. வீட்டில் அரைத்த அரிசி மாவு நான்கு கப், வறுத்து அரைத்த உளுந்து மாவு அரை கப், வெண்ணெய் இரண்டு மேஜைக்கரண்டி, ஓமம், எள், உப்பு. முதல் தேங்காய்ப்பாலை லேசாகச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். வெண்ணெய் கூடினால் எண்ணெயில் கரைந்து போகும், குறைந்தால் பல்லை உடைக்கும். பிழிவதற்கு எனக்குப் பித்தளை முறுக்கு உழக்குத்தான் பிடிக்கும். மரத்தில் மாவு ஏறிக்கொள்கிறது, அலுமினியத்தில் அழுத்தினால் கை வலிக்கிறது.

அடுத்து வட்டிலப்பம். கீழக்கரைத் தோழி வீட்டில் கற்றுக்கொண்டது. மாவே இல்லாத இனிப்பு, இதை விட நல்ல இனிப்பு நம் கடற்கரையில் இல்லை என்பேன். முட்டை ஐந்து, கருப்பட்டி 200 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 200 மில்லி, ஏலக்காய் நான்கு, ஒரு சிட்டிகை உப்பு. கருப்பட்டியைக் கால் கப் தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள், மணல் இருக்கும். நன்றாக ஆறட்டும். சூட்டோடு ஊற்றினால் முட்டை வெந்து திரிந்துவிடும், முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆனது. முட்டையை நுரைக்க அடிக்காமல், வெள்ளையும் மஞ்சளும் கலக்கும்வரை மட்டும் கலக்கி, எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு முறை வடிகட்டுங்கள். கிண்ணத்தில் ஊற்றி மேலே முந்திரி தூவி, தட்டால் மூடி, இட்லிச் சட்டியில் சிறு தீயில் 40 நிமிஷம். ஈர்க்குக் குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். கருப்பட்டியைச் சாயல்குடிப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வாங்குகிறேன். உடைத்தால் உள்ளே கருத்து, லேசாக ஈரம் தெரிய வேண்டும். பளபளவென்று சீனி மாதிரி மின்னினால் வாங்காதீர்கள்.

பிறந்தநாள் கேக்தான் கஷ்டமானது. மைதா கேக்கில் மாவைச் சேர்த்துப் பிடிப்பது குளூட்டன். அது இல்லாவிட்டால் உதிரும். அதற்குப் பதில் முட்டையும், மருந்துக்கடையில் விற்கும் இசப்கோல் உமியும் பிடிக்கும். அரிசி மாவு 150 கிராம், அரைத்துச் சலித்த ஜவ்வரிசி மாவு 50 கிராம், முட்டை மூன்று, நன்றாகக் கனிந்த வாழைப்பழம் இரண்டு, நாட்டுச்சர்க்கரை 120 கிராம், நெய் 80 கிராம், இசப்கோல் ஒரு தேக்கரண்டி. கலந்து 20 நிமிஷம் அப்படியே விடுங்கள். இந்த 20 நிமிஷத்தை விட்டால் வாயில் நறநறக்கும், அரிசி மாவு தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும். அதன் பிறகு பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி சேர்த்து உடனே ஆவியில் ஏற்றுங்கள், 40 நிமிஷம். பேக்கிங் பவுடரில் மக்காச்சோள மாவுதான் இருக்கிறதா என்று பாருங்கள். கப்பில் அளக்காமல் தராசில் நிறுங்கள், இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காரம் கேட்கும் நாளில் நெத்திலி. உப்பு, மஞ்சள், நம்ம முண்டு மிளகாய்த் தூள், ஒரு கைப்பிடி அரிசி மாவு. பொரித்து எடுத்தால் தட்டில் நிற்காது.

படி 5: வெளியே போனால்

டீக்கடையில் பஜ்ஜி கடலை மாவுதானே என்று நினைக்காதீர்கள். அதே எண்ணெயில்தான் சமோசாவும் போடுகிறார்கள். கடை அதிரசத்திலும் ஜாங்கிரியிலும் மைதா சேர்க்கிறவர்கள் உண்டு. கல்யாண வீட்டுக்கு நான் ஒரு டப்பாவில் எள்ளுருண்டையும் முறுக்கும் கொண்டுபோய் மகளிடமே கொடுத்துவிடுவேன். "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆகிரும்" என்று சொல்லும் பெரியவர்களுக்கு மகளே பதில் சொல்லப் பழகிவிட்டாள்: "பெரியம்மா, எனக்கு அது விஷம் மாதிரி."

பின்சேர்க்கை: தங்கச்சிமடத்தில் இருந்து ஒரு அக்கா, தன் மகன் புதுநன்மை (கோயிலில் முதல் தடவை நற்கருணை) வாங்கப்போகிறான், நற்கருணை அப்பம் கோதுமைதானே, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். ஆமாம், கோதுமைதான். குளூட்டன் அறவே இல்லாத அப்பத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை, 2017-இல் வத்திக்கான் கடிதமும் அதையே சொன்னது. குளூட்டன் மிகக் குறைவாக உள்ள அப்பத்துக்கு அனுமதி உண்டு. அப்பம் இல்லாமல் திராட்சை இரசம் மட்டும் வாங்கவும் வழி இருக்கிறது. ஆனால் அப்பத் துண்டு கலக்காத தனிக் கிண்ணம் வேண்டும். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசுங்கள், டாக்டரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று: கீழக்கரைத் தொதல் சாப்பிடலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தேங்காய்ப்பாலும் இனிப்பும் பிரச்சினை இல்லை, கூடச் சேரும் மாவுதான் கடைக்குக் கடை மாறுகிறது. அரிசியா, ஜவ்வரிசியா, வேறு ஏதாவதா என்று கிண்டுகிறவரிடமே கேளுங்கள். கவுண்ட்டரில் நிற்கும் பையனுக்குத் தெரியாது. நான் தோழி வீட்டில் ஜவ்வரிசியில் கிண்டி வாங்கிக்கொள்கிறேன். அந்தச் சட்டியும் துடுப்பும் எங்கள் வீட்டில் இருந்துதான் போகும், கைப்பிடியில் சிவப்புப் புள்ளியோடு.