இலங்கையின் பழைய ஜனாதிபதித் தேர்தலோடு புதியதை ஒப்பிடுவது எப்படி?

வென்றவரின் வீதத்தைக் கடைசியில் பாருங்கள். அரசியல் விஞ்ஞானம் படிக்கும் உயர்தரப் பிள்ளைகளுக்கு நான் ஓயாமல் சொல்வது இதைத்தான். ‘இது அப்படியே அந்தத் தேர்தல்தான் சேர்’ என்று அவசரப்படுகிறவர்கள் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

முதலில் எத்தனை பேர் வாக்களித்தார்கள், எங்கே வாக்களிக்கவில்லை என்று பாருங்கள். 1988இல் பிரேமதாச 50.43 வீதம். 2005இல் மகிந்த ராஜபக்ச 50.29 வீதம். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரியும். ஆனால் 1988இல் ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியிருந்த ஜே.வி.பி.யின் மிரட்டலால் தெற்கிலேயே சனம் வீட்டோடு இருந்தது. நாடு முழுவதும் வாக்களித்தது 55 வீதம்தான். 2005இல் நாட்டின் வாக்களிப்பு 73 வீதத்தைத் தாண்டியது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலோ, புலிகளின் பகிஷ்கரிப்பால், 7 இலட்சம் வாக்காளர்களில் வாக்களித்தது 1.2 வீதம். மகிந்தவை எதிர்த்து நின்ற ரணில் தோற்றது 180,786 வாக்குகளால். ‘யாழ்ப்பாணம் போட்டிருந்தால் ரணில்தான்’ என்ற பேச்சுக்குக் கணக்கு இடம் கொடுக்கிறது. 1988இல் வராதவர்களின் வாக்கு யாருக்குப் போயிருக்கும் என்று அப்படி அடித்துச் சொல்ல முடியாது. அவர்கள் ஒரு மாவட்டத்துக்காரர் அல்லர், ஒரே மனதுக்காரரும் அல்லர். ஆகவே இந்த ஒப்பீடு பாதிதான் நிற்கும்.

அப்புறம், எண் எந்த எண்ணிக்கையில் வந்தது என்று கேளுங்கள். 2024இல் அநுர குமார திசாநாயக்க முதல் சுற்றில் எடுத்தது 42.31 வீதம். எவரும் பாதியைத் தாண்டாததால், முதன்முறையாக இரண்டாம் சுற்று எண்ணினார்கள்; மற்றவர்களுக்குப் போட்டவர்கள் அடுத்த விருப்பாகக் குறித்த வாக்குகளை முதல் இருவருக்கும் சேர்த்தார்கள். முடிவில் அவருக்கு 55.89 வீதம் என்று வரும். இதை 2019இல் கோட்டாபய எடுத்த 52.25க்குப் பக்கத்தில் வைத்து ‘அதைவிடப் பெரிய வெற்றி’ என்று எழுதினால் நான் புள்ளி போடமாட்டேன். 55.89 என்பது கடைசி இருவரின் வாக்குகளுக்குள் மட்டும் கணித்த பங்கு. விருப்பு வாக்குகளால் அநுரவுக்குக் கூடியது ஓர் இலட்சத்துச் சொச்சம். இரண்டாவதாக வந்த சஜித்துக்கு அதைவிட அதிகம். ரணிலுக்கு மட்டும் 22 இலட்சத்துக்கு மேல் போட்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் இந்த இருவருக்கும் விருப்பு வாக்கு இடவே இல்லை என்பது தெரிகிறதல்லவா?

வாக்கையும் வீதத்தையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டு தமிழ் வேட்பாளர்களைப் பாருங்கள். 1982இல் குமார் பொன்னம்பலம் 173,934 வாக்கு, 2.67 வீதம். 2024இல் அரியநேத்திரன் 226,343 வாக்கு, 1.70 வீதம். ஒன்றை மட்டும் எடுத்தால் கூடியது என்றும் சொல்லலாம், குறைந்தது என்றும் சொல்லலாம். மேடைப் பேச்சாளர்களுக்கு வசதி.

கடைசியாக, பின்னால் நின்றது யார்? 1982இல் அன்றைய பெரிய தமிழ்க் கட்சியான தமிழர் விடுதலைக் கூட்டணி பொன்னம்பலத்தை ஆதரிக்கவில்லை. 2024இல் தமிழரசுக் கட்சியும் அரியநேத்திரனை விட்டு சஜித்தை ஆதரிப்பதாக அறிவித்தது. இந்த ஒற்றுமை எந்த அட்டவணையிலும் கிடைக்காது. அந்தந்த ஆண்டின் பத்திரிகைகளைத்தான் புரட்ட வேண்டும்.