சாய்ந்த படத்தைக் கிம்ப்பில் நேராக்குவது எப்படி?

படம் ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலே கண் கண்டுபிடித்துவிடும். 4000 பிக்சல் அகலமுள்ள படத்தில் ஒரு டிகிரி சாய்வு என்றால் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் நடுவே 70 பிக்சல் ஏற்ற இறக்கம். கடற்கரைப் படங்களில் தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து போவதுபோல் தெரிவதற்கு இதுவே போதும்.

சரிசெய்யக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருள் இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். இங்கே பயன்படுத்தப்போகிற ஸ்ட்ரெயிட்டன் பொத்தான் 2018இல் 2.10.4 பதிப்போடு வந்தது. உங்களிடம் அதைவிடப் பழசு இருந்தால் முதலில் புதிய பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரம் போய் வந்த பலர் போனிலும் இருக்கிற ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம்: பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றபடி கீழே ரயில் பாலத்தை எடுத்த படம்.

படி 1: திறப்பது

அசல் படத்தை அப்படியே ஒரு நகல் எடுத்து, நகலைக் கிம்ப்பில் திறங்கள். போனில் எடுத்த படம் என்றால் "இதைத் திருப்பவா?" என்று கேட்கலாம். ரொட்டேட் என்று கொடுங்கள். நெட்டுவாக்கில் எடுத்த படம் படுத்துக்கிடக்காமல் இருக்கத்தான் அந்தக் கேள்வி. நாம் பேசுகிற சாய்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படி 2: எந்தக் கோட்டை நம்புவது

வேலையே இங்கேதான். நீங்கள் எந்தக் கோட்டைக் காட்டுகிறீர்களோ அதைக் கிம்ப் நேராக்கித் தரும். அது சரியான கோடுதானா என்று அதற்குத் தெரியாது.

பாம்பன் படத்தில் கண்ணில் முதலில் படுவது ரயில் பாலம். நீளமாக, பளிச்சென்று ஒரே கோடாக ஓடும். ஆனால் அதைத் தொடாதீர்கள். நாம் மேலே நின்று சற்றுப் பக்கவாட்டில் பார்க்கிறோம். அதனால் நம்மைவிட்டு விலகிப் போகப் போகப் பாலம் அடிவானத்தை நோக்கி ஏறுவதுபோல்தான் படத்தில் விழும். கேமராவை எவ்வளவு நேராகப் பிடித்திருந்தாலும் அப்படித்தான். அதைப் பிடித்துக் கிடைமட்டமாக்கினால் கடல் சாய்ந்துவிடும். நம்ப வேண்டியது கடலும் வானமும் சேரும் கோட்டை. கரையோரக் கோட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: கரை வளையும், விலகும், ஏமாற்றும்.

அடிவானம் தெரியாத இடத்தில் செங்குத்துக் கோடு தேடுங்கள். கதவு நிலை, விளக்குக் கம்பம், சுவர் மூலை. அதுவும் படத்தின் நடுப்பகுதியில் இருப்பதாகப் பாருங்கள். ஓரத்தில் இருப்பவை லென்ஸாலும் கோணத்தாலும் தாமாகவே கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

கோபுரப் படம் தனி ரகம். கோபுரம் மேலே போகப் போகக் குறுகுவது அதன் அமைப்பு. அதன் பக்கவாட்டு விளிம்பை நேராக்கப் போனால் கதை முடிந்தது. கீழே வாசலின் நிலைக்கல்லைப் பிடியுங்கள். நேர் எதிரே நின்று எடுத்த படமானால் உச்சியில் வரிசையாக நிற்கும் கலசங்களும் நல்ல கிடைமட்டக் கோடு தரும்.

படி 3: அளந்து நேராக்குவது

ஷிஃப்ட் விசையோடு எம் அழுத்தினால் மெஷர் கருவி வரும். டூல்ஸ் மெனுவிலும் இருக்கிறது. அடிவானத்தின் இடது பக்கம் ஒரு புள்ளியில் மவுஸை அழுத்தி, வலது பக்கம் வரை இழுத்து விடுங்கள். கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு துல்லியம். படத்தைப் பெரிதாக்கி, இரண்டு முனைகளையும் பிடித்து நகர்த்திக் கோட்டின் மேல் சரியாக உட்கார வையுங்கள்.

இப்போது கருவிப்பெட்டிக்குக் கீழே உள்ள விருப்பங்களைப் பாருங்கள். ஓரியன்டேஷன் ஆட்டோவிலேயே இருக்கட்டும். கோடு படுத்திருக்கிறதா, நிற்கிறதா என்று அதுவே முடிவு செய்துகொள்ளும். கிளிப்பிங் என்ற இடத்தில் கிராப் வித் ஆஸ்பெக்ட் தேர்ந்தெடுங்கள். படத்தைத் திருப்பினால் நான்கு மூலையிலும் காலி முக்கோணம் விழும். அவற்றை வெட்டிவிட்டுப் பழைய நீள அகல விகிதத்தையும் காப்பாற்றுவது இதுதான். அப்புறம் ஸ்ட்ரெயிட்டன் பொத்தானை அழுத்துங்கள்.

படம் நேராகிவிடும், ஆனால் சுற்றிலும் கட்டம் கட்டமாகக் காலி இடம் தெரியும். பயப்பட வேண்டாம். படம் சுருங்கியது, அதைத் தாங்கும் கேன்வாஸ் சுருங்கவில்லை, அவ்வளவுதான். இமேஜ் மெனுவில் ஃபிட் கேன்வாஸ் டு லேயர்ஸ் கொடுத்தால் போய்விடும்.

இன்னும் லேசாகச் சாய்ந்திருக்கிறதா? திருப்பியதன்மேல் மறுபடி திருப்பாதீர்கள். ஒவ்வொரு தடவையும் பிக்சல்களைக் கிம்ப் புதிதாகக் கணக்கிடுகிறது, படத்தின் கூர்மை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். கண்ட்ரோல் இசட் அழுத்திப் பின்னால் வந்து, கோட்டைத் திருத்தி, புதிதாக ஒரே தடவையில் செய்யுங்கள்.

எவ்வளவு படம் போகும்?

4:3 படத்தில் ஒரு டிகிரிக்குப் பரப்பில் ஏறக்குறைய 4.5 சதவீதம் வெட்டுப்படும். 3 டிகிரிக்கு 12, 5 டிகிரிக்கு 19 சதவீதம். கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் பெரியப்பாவின் தோளில் இது கைவைத்துவிடும். அப்படி இருந்தால் கிளிப்பிங்கில் அட்ஜஸ்ட் வைத்து எதையும் வெட்டாமல் திருப்பி, இங்கேயும் ஃபிட் கேன்வாஸ் டு லேயர்ஸ் கொடுங்கள். காலி மூலைகளை, பக்கத்து இடத்தை நகலெடுத்துப் பூசும் குளோன் கருவியால் நிரப்பலாம். வானம், மணல், வெறும் சுவர் என்றால் சுலபம். பந்தல் அலங்காரம் என்றால் மல்லுக்கட்டாதீர்கள். பாதிச் சாய்வை மட்டும் எடுத்துவிட்டு ஆளைக் காப்பாற்றுவதே மேல்.

திருப்பியும் சரியாகாத படம்

உயரமான கட்டடத்தைக் கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் இடது சுவர் வலப்பக்கமும் வலது சுவர் இடப்பக்கமும் சாயும். இரண்டும் ஒரே அளவு சாய்ந்து, நடுவிலுள்ள கோடு நேராக நின்றால் படம் கோணல் இல்லை, எடுத்த கோணம் அப்படி. திருப்பிப் பயனில்லை. ஷிஃப்ட் விசையோடு பி அழுத்திப் பெர்ஸ்பெக்டிவ் கருவியை எடுங்கள். டைரக்ஷனில் கரெக்டிவ் வைத்து, வரும் கட்டத்தின் மூலைகளை நகர்த்தி, அதன் பக்கக் கோடுகள் சுவர் விளிம்புகளோடு ஒட்டிப்போகும்படி வையுங்கள். பிறகு டிரான்ஸ்ஃபார்ம். முழுக்க நிமிர்த்தினால் கட்டடத்தின் தலை பெருத்துத் தெரியும். துளி சாய்வை விட்டுவைப்பது என் வழக்கம்.

படி 4: சேமிப்பது

கண்ட்ரோல் எஸ் அழுத்தினால் எக்ஸ்சிஎஃப் என்ற கிம்ப்பின் சொந்த வடிவில்தான் சேமிக்கும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாருக்கும் படமாகத் தெரியாது. ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் போய்ப் புதிய பெயர் கொடுத்து, கடைசியில் ஜேபிஜி சேருங்கள். குவாலிட்டி 90க்குக் குறையாமல் இருக்கட்டும். அதே மெனுவில் பக்கத்திலேயே ஓவர்ரைட் என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் திறந்த கோப்பின் மேலேயே எழுதிவிடும். படி 1இல் நகல் எடுக்கச் சொன்னது அதற்காகத்தான்.