ஆயில் சிந்திய தரையில் செய்யக்கூடாதவை

பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்களைப் பார்க்கிறேன். நாங்கள் வேலை பழகிய காலத்துத் தவறுகளையே திரும்பவும் செய்கிறார்கள். உடனே துடைக்க வேண்டும், வழுக்கும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தரையைப் பாழாக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன். வீட்டு போர்டிகோவில் வண்டி நிறுத்துபவர்களுக்கும் இவை பொருந்தும்.

முதலில் தண்ணீர் அடிப்பது

உள்ளங்கை அளவு ஆயில் தரை முழுக்கப் பரவிவிடும். வேண்டாம்.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவது

இதைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. செயினையும் பேரிங்கையும் மண்ணெண்ணெயில் முக்கி எடுத்தால் பளிச்சென்று ஆகிறது. அதனால் தரைக்கும் அதையே ஊற்றுகிறார்கள். இரும்பு எண்ணெய் குடிக்காது. சிமெண்ட் தரை குடிக்கும், அதன் உடம்பெல்லாம் நுண்துளை. கெட்டியான என்ஜின் ஆயில் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். மண்ணெண்ணெய் அதை இளக்கி, தன்னோடு சேர்த்து ஆழத்துக்கு இழுத்துப் போகிறது. துடைத்த கையோடு தரை சுத்தமானதுபோலத் தெரியும். அப்புறம் வெயில் ஏற ஏறக் கறை மேலே வரும், முன்பைவிட அகலமாக.

தெரிந்தவர் ஒருவர் வீட்டில் காரின் டிரெய்ன் போல்ட் (பழைய ஆயிலை வடிக்க என்ஜின் அடியில் இருப்பது) கசிந்து போர்டிகோவில் ஆயில் தேங்கியிருந்தது. யாரோ சொன்னார்கள் என்று மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துவிட்டார்கள். கைக்குழந்தை இருக்கும் வீடு. நாற்றம் தாங்காமல் முன்னறை ஜன்னலை வாரக்கணக்கில் மூடியே வைத்திருந்தார்கள். கடைசியில் அந்த இடத்தைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டியதாயிற்று. ஒரு பை மரத்தூளில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

பெட்ரோல் என்றால் உயிருக்கே ஆபத்து. மைனஸ் 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் பொருள் அது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து சர்வீஸ் குழிக்குள் போய்த் தேங்கும். ஒரு சுவிட்சின் பொறி போதும்.

சரி, என்ன செய்யலாம்? மரத்தூளோ காய்ந்த மணலோ தாராளமாகக் கொட்டி, காலால் மிதித்துத் தேய்த்து, இரவு முழுக்க விட்டு அள்ளுங்கள். பிறகு துணி துவைக்கும் சோப்புத்தூளைக் கொஞ்சம் வெந்நீரில் கூழாகக் குழைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துத் துணியால் ஒற்றி எடுங்கள். பழைய கறைக்குச் சாக்பீஸ் தூளைச் சோப்புத் தண்ணீரில் பிசைந்து கனமாக அப்பி, பாலிதீன் தாளால் மூடி வையுங்கள். மறுநாள் தாளை எடுத்துக் காயவிட்டால், காயும்போதே தூள் எண்ணெயை மேலே இழுக்கும். ஒரே தடவையில் முழுக்கப் போகாது. பொறுமை வேண்டும்.

ஆசிட்

கழிப்பறை ஆசிட் எண்ணெயைக் கரைக்காது, சிமெண்டில் உள்ள சுண்ணாம்பைத்தான் தின்னும். துளைகள் பெரிதாகி, அடுத்து சிந்தும் ஆயில் இன்னும் ஆழமாக இறங்கும். கடப்பா கல், மார்பிள் தரை என்றால் பளபளப்பு போய்விடும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். பிரேக் ஆயில் சிந்திய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவவே தூவாதீர்கள். இரண்டும் கலந்தால் சிறிது நேரத்தில் தானாகத் தீப்பிடிக்கக்கூடும்.

பினாயில்

நாற்றத்தை மறைக்கும், போக்காது.

தரையை மட்டுமே சந்தேகப்படுவது

தரை சுத்தமான பிறகும் நாற்றம் இருந்தால், ஆயில் குடித்த சாக்கு, திறந்து கிடக்கும் கழிவு ஆயில் டின், சாக்கடை வாய் இவற்றைப் பாருங்கள். கியர் ஆயிலில் கந்தகச் சேர்மங்கள் இருப்பதால் சிறு சொட்டுகூடக் கடுமையாக வீசும். பெட்ரோல் வாடை தினமும் வந்தால் வண்டியின் பெட்ரோல் டியூபில் கசிவு இருக்கலாம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கறைமேல் பெயிண்ட்

உரிந்து வரும். முதலில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

அள்ளியதை எங்கே போடுவது?

சாக்கடையிலும் கிணற்றடியிலும் கொட்டாதீர்கள். பயன்படுத்திய ஆயிலை மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு கழிவு விதிகள் அபாயக் கழிவு என்றே வகைப்படுத்துகின்றன. உரிமம் பெற்று அதை வாங்குபவர்களிடம் கொடுங்கள். ஆயில் ஊறிய மரத்தூளையும் துணியையும் மூலையில் குவிக்காமல், மூடியுள்ள இரும்பு டின்னில் வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் பட்ட துணி அதில் சேர்ந்துவிட்டால் நெருப்பு வைக்காமலே சூடேறிப் புகையும்.